சுட்டிச் சாத்தானும் ஒரு சிறுமியின் தீர்ப்பும்



பேயும் பூதமும் வரும் திரைப்படங்களைச் சிறு பிள்ளைகள் பார்க்கலாமா என்று கேட்டுத் தாய்மார் பலர் இப்பகுதிக்கு எழுதுவதுண்டு. இதுகாறும் அவ்வினாவுக்குப் பெரியவர்களே விடை கூறி வந்திருக்கிறோம். மருத்துவர் ஒன்று கூறுவார். ஆசிரியர் வேறொன்று கூறுவார். மேடைப் பேச்சாளரோ திரைப்படம் என்றாலே தீமை என்று ஒரே அடியாய் முடித்துவிடுவார். படத்தைப் பார்க்கப் போகிற பிள்ளையை அழைத்து, "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டவர் அரியர். இம்மாதம் அப்படிப்பட்ட ஒருத்தியின் கருத்தை உங்கள்முன் வைக்கிறேன். அவளுக்கு வயது ஒன்பது. நான்காம் வகுப்பு முடித்தவள். திரைப்பட விமரிசனம் எழுதுவோர் பலருக்குத் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

எங்கள் பங்கு பாலாற்றின் கரையோரத்தில், தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களுள் ஒன்று. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். காரணம் போகப் போக விளங்கும். காலையில் பொழுது ஏறுமுன்னரே காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் வந்து தாய்மாரை ஏற்றிச் சென்றுவிடும். கோடை விடுமுறையில் வீடுகளில் பிள்ளைகள் மட்டுமே இருப்பர். ஆகவே நாங்கள் நடத்தும் பத்து நாள் விடுமுறை மறைக்கல்வி வகுப்பு பாதி ஞானப் பணி, பாதி பிள்ளைக் காவல். கடைசி நாள் மாலையில் ஒரு படம் காட்டுவது வழக்கம். சென்ற கோடையில் இளைஞர்கள் தேர்ந்து வந்த படம் 'சுட்டி சாத்தான்'.

பெயரைக் கேட்டதும் ஊர் இரண்டுபட்டது. "கோயில் மண்டபத்துல சாத்தான் படமா சாமி? சாத்தானை விட்டுவிடுகிறேன்னு ஞானஸ்நானத்துல எங்களைச் சொல்ல வெச்சதும் நீங்கதானே?" என்று முதிய தாயார் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆகவே அதற்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்லவேண்டும்.

இது தமிழில் எடுக்கப்பட்ட படம் அன்று. 1984 ஆகஸ்டு 24-ஆம் நாள் கேரளத்தில் வெளியான 'மை டியர் குட்டிச்சாத்தன்' என்னும் மலையாளப் படமே பின்னர்ப் புதுக் காட்சிகள் சேர்க்கப்பட்டு, 2010-இல் தமிழில் 'சுட்டி சாத்தான்' ஆயிற்று. மலையாளத்தில் சாத்தன் என்பது வேறு, சாத்தான் என்பது வேறு, முதலெழுத்தே வேறு. நம் தமிழிலோ ச என்னும் ஓர் எழுத்தே இரண்டு ஒலிக்கும் பொறுப்பேற்று நிற்பதால் குழப்பம் நேர்கிறது. சாத்தன் பழந்தமிழ்ப் பெயர். மணிமேகலையைப் பாடியவர் சீத்தலைச் சாத்தனார். ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயருண்டு. கேரளத்துக் குட்டிச்சாத்தனோ, மந்திரவாதிகளுக்கு ஏவல் செய்யும் குறும்புக்காரச் சிறு தெய்வமாக மக்கள் நம்பும் ஒன்று. நாம் விவிலியத்தில் படிக்கும் சாத்தானோ எபிரேயச் சொல். எதிராளி, குற்றஞ்சாட்டுபவன் என்று பொருள்படுவது. இரண்டுக்கும் உறவு கிடையாது. சேட்டை செய்யும் பேரனை "குட்டிச்சாத்தான்!" என்று வைது கொண்டே வாரியணைக்கும்போது அதே தாயார் எந்தச் சாத்தானை மனத்தில் கொள்கிறார்? இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படின்னா சரி, முன்னாடி உட்கார்ந்து நானும் பாக்கறேன்" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், சிரித்தார்.

படத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் முப்பரிமாணத் திரைப்படம் இதுவே. இயக்கியவர் ஜிஜோ புன்னூஸ். தயாரித்தவர் அவர் தந்தையார் நவோதயா அப்பச்சன். ஆலப்புழைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தவர். 1990-களில் தூர்தர்ஷனில் வந்த விவிலியத் தொடரை உங்களுள் மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கக் கூடும்; அதுவும் இந்நிறுவனத்தாரின் படைப்பே. சென்னைத் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவை 1995-இல் தொடங்கியவரும் அப்பச்சனே. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே சென்று வராத பிள்ளைகள் நம் பக்கத்தில் ஒரு காலத்தில் குறைவு. இசையமைத்தவர் இளையராஜா. நடித்த பிள்ளைகள் நால்வருக்கும் சேர்த்துச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது வழங்கப்பட்டது.

கதை எளிது. மந்திரவாதி ஒருவன் புதையலுக்கு ஆசைப்பட்டுக் குட்டிச்சாத்தனைத் தனக்கு அடிமையாக்கி வைத்திருக்கிறான். லட்சுமி என்னும் சிறுமியும் அவள் தோழர் இருவரும் தற்செயலாக அப்பூதத்தை விடுவிக்கின்றனர். அது பிள்ளைகளோடு பிள்ளையாய்ச் சேர்ந்து விளையாடுகிறது. லட்சுமியின் தந்தை குடிக்கு அடிமை. பூதத்துக்கோ மது என்றால் உயிர். புட்டிகளையெல்லாம் அதுவே காலி செய்துவிடுகிறது. தந்தை குடியிலிருந்து மீள்வதற்கும் அது துணையாகிறது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. படம் வெளிவந்த காலத்தில் பெரியவர்கள் அஞ்சியது பூதத்துக்கன்று, கண்ணாடிக்கு. ஒருவர் அணிந்த முப்பரிமாணக் கண்ணாடியை அடுத்த காட்சியில் வேறொருவர் அணிவதால் 'மெட்ராஸ் ஐ' பரவுகிறது என்று வதந்தி கிளம்பியது. கண்ணாடிகள் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் தூய்மை செய்யப்படுகின்றன என்று பிரேம் நசீர் முதலிய புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டே விளக்க வேண்டியதாயிற்று.

எங்கள் மண்டபத்தில் கண்ணாடியும் இல்லை, முப்பரிமாணமும் இல்லை. வெள்ளையடித்த சுவரில் தட்டையாகத்தான் படம் விழுந்தது. படம் முடிந்த மறுநாள், ஞாயிறு மறைக்கல்வி நேரத்தில், பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்து, "படத்தைப் பற்றி உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள், மதிப்பெண் கிடையாது" என்றோம். மதிப்பெண் இல்லை என்றால் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள். ஏறத்தாழ 60 தாள்கள் வந்தன. பெரும்பாலும் ஐஸ்கிரீம். திரையிலிருந்து நம்மை நோக்கி ஐஸ்கிரீமை நீட்டும் காட்சி அப்படத்தில் புகழ்பெற்றது. நம் பிள்ளைகளுக்கு அது சுவரோடு நின்றுவிட்டாலும் எழுத்தில் அதை விடவில்லை. ஒரு பையன், "பூதம் எனக்குக் கணக்குப் போட்டுத் தருமா?" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தான்.

அத்தாள்களுக்கு நடுவில் ஒரு பக்கம் முழுதும் நிரம்பிய தாள் ஒன்று இருந்தது. எழுதியவளின் தாயாரிடம் இசைவு பெற்று, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, அதிலிருந்து சில பகுதிகளைத் தருகிறேன்.

முதலில் சுவரிலும் கூரையிலும் பிள்ளைகள் நடக்கும் பாட்டுக் காட்சி. அதைப் பார்த்து மண்டபமே வாய் பிளந்தது. அவள் எழுதுகிறாள்: "அந்த அறைதான் சுற்றுகிறது. பிள்ளைகள் கீழேதான் நடக்கிறார்கள். எங்கள் அப்பா வேலை செய்கிற இடத்தில் தோல் போடுகிற டிரம் அப்படித்தான் சுற்றும். உள்ளே இருக்கிற தோல் கீழேயே விழுந்துகொண்டிருக்கும்." உண்மையும் அதுவே. அறை முழுவதையும் இரும்புச் சட்டத்தில் பொருத்திச் சுழலவிட்டு, படக்கருவியையும் அறையோடு சேர்த்தே சுழலச் செய்து அக்காட்சியை எடுத்தனர். கருவி அறையோடு சுழல்வதால் அறை நிலையாக நிற்பதுபோலவும், பிள்ளைகள் சுவரில் ஏறுவதுபோலவும் நமக்குத் தோன்றும். தந்தைக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாளில் மர டிரம்மைப் பார்த்து வைத்திருந்தவளுக்கு மாயம் பிடிபட்டுவிட்டது.

அடுத்து அச்சத்தைப் பற்றி எழுதுகிறாள்: "பூதம் பயமாக இல்லை. மந்திரவாதி கொஞ்சம் பயம். ஆனால் மந்திரவாதி வருவதற்கு முன்னால் மியூசிக் வரும். அதனால் கண்ணை மூடிக்கொள்ளலாம். அப்பா வரும்போது மியூசிக் வராது. செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் நேராக வந்தால் நல்லது. இழுத்துக்கொண்டு வந்தால் நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்னால் போய்விடுவேன்."

இவ்வரிகளை நான் மும்முறை படித்தேன். படத்தில் லட்சுமிக்குத் தம்பி கிடையாது.

கடைசியாக அவள் படத்தின் முடிவுக்கே தீர்ப்பு வழங்கியிருந்தாள்: "சாத்தான் எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்தது நன்றாக இருந்தது. ஆனால் மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கடையைத் திறந்துவிடுவார்களே. அப்போது சாத்தான் என்ன செய்யும்? லட்சுமி பெரியவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அப்பாவுக்குக் கெட்ட பேர் வரும். அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மற்றபடி படம் நல்ல படம்."

மதுக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்? டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் தோன்றியது; சில்லறை விற்பனையையும் 2003-இலிருந்து அரசே ஏற்று நடத்துகிறது. நண்பகல் 12 மணிமுதல் இரவு 10 மணிவரை கடை. இந்த நேரங்களைக் கடிகாரமின்றியே அறிந்த பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மறைக்கல்வி ஆசிரியையான அருட்சகோதரியும் நானும் அவ்வீட்டுத் தாயாரைத் தனியே சந்தித்துப் பேசினோம். காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைப்பவர். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. மகள் எழுதிய தாளைக் காட்டினோம். "இது என் பொண்ணு எழுதினதா சாமி?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னது இந்தப் பேய்ப்பட ஆராய்ச்சிக்கே நெருங்கிய தொடர்புடையது. ஆகவே அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், அவர் கணவர் தாமாகவே குடியை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் இரவு சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தினார். இறந்துபோன தம் தாயார் வாசலில் நிற்பதாகச் சொல்லி அவரோடு பேசினார். உறவினர் கூடி, பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, மந்திரிப்பவர் ஒருவரிடம் கொண்டு போயினர். அவர் வேப்பிலையால் அடித்துக் கயிறு கட்டினார். அங்கேயே வலிப்பு வந்தது. யாரோ ஒருவர் வாயில் சிறிது சாராயத்தை ஊற்ற, நடுக்கம் தணிந்தது. பேய் இறங்கிவிட்டதென்று எல்லாரும் வீடு திரும்பினர். அன்றிலிருந்து மீண்டும் குடி. குடியை விட்டால் பேய் பிடிக்கும் என்னும் அச்சம் வேறு சேர்ந்துகொண்டது.

அன்பானவர்களே, இதைச் சற்று ஊன்றிப் படியுங்கள். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உடல் அதைத் தாங்காது. முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் சிலருக்கு அறிவு கலங்கும். இல்லாத பூச்சிகளும் விலங்குகளும் ஆள்களும் கண்ணுக்குத் தெரியும். நாள், இடம், ஆள் அடையாளம் தவறும். காய்ச்சலும் படபடப்பும் சேரும். மருத்துவம் செய்யாவிடில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இது பேயன்று, நோய். மாத்திரைகளாலும், தயமின் என்னும் வைட்டமின் ஊசியாலும், மருத்துவர் கண்காணிப்பில் சில நாள்கள் இருப்பதாலும் இதைக் கடந்துவிடலாம். அந்நிலையில் மந்திரிக்கக் கொண்டு செல்வதும், "மனத்திடம் இருந்தால் போதும்" என்று நாமே வீட்டில் கட்டி வைப்பதும் ஒன்றே. இரண்டிலும் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரம் வீணாகிறது. செபம் செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

படத்தில் பூதம் புட்டியைக் காலி செய்கிறது, தந்தை திருந்துகிறார். திரைக்கு அது போதும். மறுநாள் கடை திறக்குமே என்று அச்சிறுமி கேட்டதற்குத் திரையில் விடையில்லை. வெளியில் உண்டு, அதை அவள் அறியமாட்டாள், அவ்வளவே. நம் பகுதியினருக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. சென்னையில் 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்கென்றே அமைந்தது. மருத்துவத்துக்குப் பின் மீண்டும் வழுக்கி விழாமலிருக்க, குடியை விட்டவர்களே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் இருவர் சந்திப்பில் பிறந்த இயக்கம் அது. தமிழகத்தில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணமில்லை, ஊர்ப்பெயர், குலப்பெயர் கேட்பதில்லை. குடிப்பவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அல்-அனான், அலட்டீன் எனத் தனிக் குழுக்கள் உண்டு. பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் நிலை வந்தால் 1098 என்னும் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம். அவ்வெண்ணை எங்கள் மறைக்கல்வி வகுப்பின் கரும்பலகை ஓரத்தில் வண்ணத்தால் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்தத் தந்தை இப்பொழுது மருத்துவம் பெற்று வருகிறார். நடுவில் ஒருமுறை தவறி, மீண்டும் போனார். போனார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவரை நான் ஒரு நாளும் கடிந்து பேசவில்லை. மகள் எழுதிய தாளை அவர் மனைவியே அவரிடம் காட்டினார். சுழலும் டிரம்மைப் பற்றிய வரிகளை மட்டும் அவர் எங்களிடம் பேசினார். "கரெக்டா எழுதியிருக்கு சாமி" என்றார். செருப்புச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனித் தாய்மாரின் வினாவுக்கு வருவோம். பேய்ப் படம் பார்க்கலாமா? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம். திரையில் காண்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு என்று பிரித்தறியும் பக்குவம் அதற்கு வரவில்லை. சற்று வளர்ந்த பிள்ளை பெரியவர் ஒருவர் பக்கத்திலிருக்கப் பார்க்கலாம். கைப்பேசியைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைப்பது பார்ப்பதாகாது. இரத்தம் தெறிக்கும் படங்கள் வேறு, 'சுட்டி சாத்தான்' போன்றவை வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போடவேண்டாம். நம் முந்திய தலைமுறை 1967-இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்தது. அதனால் எந்தக் குடும்பமும் கெட்டுவிடவில்லை. ஏரியின்மேல் நடந்து வந்தவரைப் பேய் என்று எண்ணிப் படகிலிருந்த சீடர்களே அலறியிருக்கிறார்கள். பிள்ளை அலறினால் கேலி செய்ய நாம் யார்? 1936-இல் திரைப்படத்தைப் பற்றித் திருமடல் எழுதிய பதினோராம் பத்திநாதரும், 1963-இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஏடு வெளியிட்ட வத்திக்கான் சங்கமும் பெற்றோரின் பொறுப்பை வலியுறுத்தியிருக்கின்றனர். அப்பொறுப்பு படத்தை நிறுத்துவதோடு முடிவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். படம் முடிந்தபின் பிள்ளையிடம், "எந்த இடத்தில் உனக்குப் பயமாக இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை வாய் திறவாமல் இருங்கள். இரண்டாவது செய்வதே கடினம்.

அடுத்த கோடைக்கு என்ன படம் என்று இளைஞர்கள் இப்பொழுதே வட்டமிடுகின்றனர். ஜிஜோ புன்னூஸ் எழுதிய கதையிலிருந்து பிறந்து, மோகன்லால் இயக்கி நடித்து, 2024-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளில் வெளிவந்த 'பரோஸ்' வேண்டுமாம். வாஸ்கோ ட காமாவின் புதையலை நூற்றாண்டுக் கணக்கில் காவல் காக்கும் பூதத்துக்கும் ஒரு சிறுமிக்கும் நடக்கும் கதை, அதுவும் முப்பரிமாணம். பூதம் கணக்குப் போட்டுத் தருமா என்று கேட்ட அதே பையன், இம்முறையாவது ஐஸ்கிரீம் மூக்குவரை வரவேண்டும், கண்ணாடி வாங்குங்கள் என்று என்னிடம் விண்ணப்பித்திருக்கிறான். கண்ணாடி மட்டும் போதாது. இரு கண்களுக்கும் தனித்தனியே அனுப்பும் ஒளியைக் கலக்காமல் திருப்பித் தர வெள்ளிப் பூச்சுத் திரை வேண்டும்; சுண்ணாம்புச் சுவர் அதைச் செய்யாது. என்ன விலையாகும் என்று வேலூரில் விசாரித்து வரும்படி இளைஞர் மன்றத்தாரிடம் சொல்லியிருக்கிறேன்.